தலையில் கை வைத்தால் நில்

ஆர்லிஸுக்கு அந்த வீட்டுவண்டியைக் கண்டாலே ஆகாது என்பது அரிசோனா பாலைவனத்தில் குளிர்காலத்தைக் கழிக்க வரும் அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர்கள் இருந்தால் அவளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லிவிடுவாள். மழை பெய்தால் கூரை ஒழுகும். பெய்யாவிட்டால் போன வருஷம் ஒழுகிய இடம் நாறும். மலை ஏறும்போது பெட்ரோலை மொடக் மொடக்கென்று குடிக்கும், இறங்கும்போது பிரேக் தீயும். எஞ்சின் வீட்டுக்குள்ளேயே, முன் இருக்கைகளுக்கு நடுவே ஒரு மேட்டுக்கு அடியில் குந்தியிருக்கும். கேஸில் ஓடும் ஃப்ரிட்ஜோ, வண்டி துளி சாய்ந்து நின்றாலும் வேலைநிறுத்தம் செய்துவிடும். அடுப்பில் கேக் சுட்டால் ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக வரும். அதைப் பார்த்துத்தான் எந்தச் சக்கரத்துக்கு அடியில் இன்னொரு பலகை வைக்க வேண்டும் என்று அவள் கணவர் முடிவு செய்வார்.

"வீடுன்னு நெனச்சா வண்டி மாதிரி ஆடுது. வண்டின்னு நெனச்சா வீடு மாதிரி நகர மாட்டேங்குது. இதுல எதுன்னு நம்பி நான் குடித்தனம் பண்ண?" என்பாள் ஆர்லிஸ்.

கணவர் டெல்மர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். மின்னசோட்டாவில் சாலைப் பனியைத் தள்ளும் லாரியை வேலைக்காலம் முழுக்க ஓட்டியவர். எதிரே எது வருகிறது என்றே தெரியாத வெள்ளைப் புயலில் ஆம்புலன்ஸுக்கு முன்னால் வழி வெட்டிக்கொண்டு போனவர் என்று அவர் ஊரில் பெயர். ஓய்வுபெற்ற மறுவாரம் சொல்லாமல் கொள்ளாமல் இந்த வண்டியை வாங்கிவந்து வாசலில் நிறுத்தினார். அப்போதே அதற்கு வயது இருபதுக்கு மேல். உடம்பு முழுக்கப் பழுப்புக் கோடுகள். உள்ளே ஆரஞ்சு நிறக் கம்பளம்.

"யார் வீடு இது?" என்று கேட்டாள் ஆர்லிஸ். பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், தலையில் வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"நம்ம வீடு."

"நமக்குத்தான் வீடு இருக்கே?"

"அது ஓடாது," என்றார் டெல்மர்.

முதல் குளிர்காலத்துக்கு அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கிளம்பினாள். வழியில் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. ஒரு ஜன்னல் கழன்று விழுந்தது. இரண்டு மலைகளுக்கு நடுவில் கொதிக்கிற எஞ்சின்மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தார்கள். பாலைவனம் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. எங்கே நிற்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலை தோசைக்கல் மாதிரி இருந்த தட்டைச் சட்டியில் பான்கேக் ஊற்றிவிட்டு, வெளிச்சம் வேண்டுமே என்று முன்கண்ணாடித் திரையை இழுத்தாள். அந்தக் கண்ணாடி அந்த வண்டிக்கென்றே வளைத்து வார்த்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வீச்சு, நடுவில் சட்டமே கிடையாது. திரை விலகியதும் உலகம் முழுதும் அதில் நின்றது. சூரியன் இன்னும் மலைக்குப் பின்னால்தான் இருந்தான். வானம் ஒரு ஓரத்தில் மாதுளை, மறு ஓரத்தில் இன்னும் இரவு. நடுவே, இரண்டு ஆள் உயரக் கள்ளிகள் கைகளைத் தூக்கிக்கொண்டு, அவள் எழுந்து வருவதற்காகவே காத்திருந்த மாதிரி அசையாமல் நின்றிருந்தன. இவ்வளவு பெரிய இடம் ஒன்று பூமியில் இருக்கிறது, அதை யாரும் தன்னிடம் சொல்லவே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. பான்கேக் கருகியது. அவள் கரண்டியைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

டெல்மரிடம் வெங்காயம் என்று சொல்லிவிட்டாள். பான்கேக்குக்கு வெங்காயம் எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. மின்னசோட்டாக்காரர்கள் அப்படித்தான். சந்தோஷத்தைக்கூடக் கையும் களவுமாகப் பிடிபட்டால்தான் ஒப்புக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு குளிர்காலம். வண்டியை ஓட்டுவது அவர் வேலை. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று சைகை காட்டுவது அவள் வேலை. பாலைவனத்தில் எந்தத் தம்பதிக்கும் இதுதான் பிழைப்பு. எந்தத் தம்பதிக்கும் சண்டை வருவதும் இதில்தான். புது ஆட்கள் வந்தால் மற்றவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிடுவார்கள். "வலதுன்னேனே!" "யாரோட வலது?" என்று ஆரம்பித்து, மாமியார் வரைக்கும் போய்த்தான் முடியும்.

ஆர்லிஸும் டெல்மரும் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். அவர்களுக்கென்று தனிச் சைகைகள் இருந்தன, யாரும் சொல்லிக்கொடுத்தவை அல்ல. முதல் வருஷம் வண்டி ஒரு தபால்பெட்டியை மோதப்போனபோது, ஐயோ என்று அவள் இரண்டு கையையும் தலையில் வைத்துவிட்டாள். பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்த டெல்மர் சட்டென்று நிறுத்தினார். அன்றிலிருந்து தலையில் கை வைத்தால் நில் என்று ஆயிற்று. வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்க முழங்கையைக் கோழி இறக்கை மாதிரி அடிப்பாள். தொடையைத் தட்டினால் மெதுவாக வா. நாய்க்குட்டியைக் கூப்பிடுவது போலத்தான், ஆனால் வருவது ஆறு டன் வீடு. பக்கத்தில் முகாமிடும் ராஸ்கோ இதைப் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோவார்.

"ஆர்லிஸம்மா, நீங்க சைகை காட்டுறீங்களா, இல்ல ஒப்பாரி வைக்கிறீங்களா?" என்று கேட்பார்.

ராஸ்கோ ஆர்கன்சாஸ்காரர், பெரிய வாய், அதைவிடப் பெரிய மனசு. அவரிடமும் அதே வருஷத்து, அதே மாதிரி வண்டிதான். ஆனால் முன்கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அந்தக் கண்ணாடியை வார்ப்பதை நிறுத்திப் பல காலமாகிவிட்டது. உலகத்தில் எங்கும் கிடைக்காது. டெல்மர் வண்டியின் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் ராஸ்கோவின் கண் கறிக்கடை வாசலில் நிற்கும் நாயின் கண்ணாகிவிடும். "டெல்மரு, ஒருநாள் இதுக்கு மூச்சு நின்னா மத்ததையெல்லாம் யாருக்கு வேணா குடு. கண்ணாடி எனக்கு," என்று வருஷம் தவறாமல் சொல்லிவைப்பார்.

இந்த நவம்பரில் வந்து சேர்ந்தபோதுதான் அது நடந்தது. மேட்டில் அவர்கள் வழக்கமாக நிற்கும் இடம். பின்னால் ஒரு முள்மரம். ஆர்லிஸ் தொடையைத் தட்டினாள், வண்டி வந்தது. தலையில் கை வைத்தாள்.

வண்டி நிற்கவில்லை.

வந்துகொண்டே இருந்தது. அவள் கையைத் தலையிலிருந்து எடுக்காமலே பின்னால் நகர்ந்தாள். ராஸ்கோ, "ஏய், நிறுத்துப்பா!" என்று கத்தினார். அதற்குள் கூரைக்கு ஏறும் பின்னேணி மரத்தில் மோதி நசுங்கிவிட்டது. டெல்மர் இறங்கி வந்தார். ஏணியைத் தடவிப் பார்த்தார். "இந்த மேடே இடைஞ்சல் பிடிச்ச இடம்," என்று முணுமுணுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பி, சரிவு வழியாகக் கீழே காய்ந்த ஓடைக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். அகலமான மணல்தரை, பலகை வைத்த மாதிரி சமம். "பாத்தியா? ஒரு கட்டைகூட வைக்க வேணாம். ஃப்ரிட்ஜ் கொஞ்சும்," என்றார்.

மலையில் மழை பெய்தால் வெள்ளம் வரும், ஓடைக்குள் வண்டி நிறுத்தாதே என்று ஒவ்வொரு வருஷமும் புது ஆட்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னவர் அவர்தான். ராஸ்கோ மேட்டில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தார்.  அந்த மணலில் மோதுவதற்கு எதுவுமே இல்லை, அதற்காகவே அவர் அங்கே இறங்கினார் என்பது ஆர்லிஸுக்கு அப்போது புரியவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது. சாப்பிடும்போது அவர் தட்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவளோடு பேசும்போது அவள் காதுக்கு அப்பால் யாரையோ பார்க்கிறார். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஒருநாள் பேசாமல் காரில் ஏற்றி, டவுனில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். வீட்டுவண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துவரும் சின்னக் கார் அது. அதை மட்டும்தான் அவள் ஓட்டுவாள், மேட்டில்தான் நிறுத்துவாள்.

கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது, ஓரம் மட்டும்தான் பாக்கி, இனி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். திரும்பி வரும்போது டெல்மர்தான் விளக்கினார், யாருக்கோ வந்த வியாதி மாதிரி.

"எதைப் பாக்கணுமோ அதை நேரா பாத்தா மறைஞ்சிடுது, ஆர்லிஸ். பாக்காத மாதிரி இருந்தா ஓரத்துல தெரியுது."

"எத்தனை நாளா?"

"போன வருசத்துலேருந்து."

"அப்ப மின்னசோட்டாலேருந்து இங்க வரைக்கும்?"

"ரோட்டுல நடுக்கோடும் ஓரக்கோடும் ஓரமாத்தானே இருக்கு," என்றார் டெல்மர். அவள் காரை ஓரங்கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். சொல்லவில்லை. ஆனால் இனி என்ன என்பதை இருவரும் பேசவும் இல்லை. அவர் ஓட்ட முடியாது. அவளோ, "செத்தாலும் அந்தச் சனியனை நான் தொட மாட்டேன்" என்று பன்னிரண்டு வருஷமாக ஊரைக் கூட்டிச் சொன்னவள். ஓட்டுகிறாயா என்று அவர் கேட்டால் முதலில் திட்டிவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்று இவள் காத்திருந்தாள். நான் ஓட்டுகிறேன் என்று இவளாகச் சொல்வாளோ என்று அவர் காத்திருந்தார். இரண்டு பேரும் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு ஜனவரியைக் கடத்தினார்கள்.

கடைசியில் ஒரு சாயங்காலம் டெல்மர், "சனிக்கிழமை ராஸ்கோகிட்ட சொல்லிடப்போறேன். கண்ணாடியை அவன் எடுத்துக்கட்டும். மீதிய இரும்புக்கடைக்காரன் வந்து தூக்கிட்டுப் போவான். நாம கார்ல ஊருக்குப் போயிடலாம்," என்றார்.

"சரி," என்றாள் ஆர்லிஸ். அன்று இரவு அவளுக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணாடி இல்லாத அந்த வண்டி எப்படியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே புரண்டு படுத்தாள். திட்டுவதற்குக்கூட அப்புறம் அவளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

வியாழக்கிழமை மழை பிடித்தது. பாலைவனத்து மழை வந்தால் வந்ததுதான். இரண்டு நாளும் கூரைக்குக் கீழே சட்டி, பானை, காபிக் குவளை எல்லாம் வரிசையாக நின்றன. மேட்டிலிருந்து ராஸ்கோ குடையோடு இறங்கி வந்தார்.

"டெல்மரு, மேல வாப்பா. ஓடைக்குள்ள யாராவது குடியிருப்பானா?"

"இத்தனை வருசத்துல இதுல ஒரு சொட்டுத் தண்ணி ஓடிப் பாத்திருக்கியா?"

"நான் பாக்கலேன்னா மலைக்குத் தெரியாதா? சாவியைக் குடு, நானே ஏத்திவிடுறேன்."

"என் வண்டிய நான் ஏத்திப்பேன்," என்றார் டெல்மர், ராஸ்கோவின் தோளுக்கு அப்பால் பார்த்தபடி. ராஸ்கோவுக்குச் சுருக்கென்றது. பிடிவாதம் பிடித்த கிழவன் என்று முனகிக்கொண்டே போய்விட்டார். உண்மையைச் சொல்லிவிட ஆர்லிஸுக்கு நாக்குநுனி வரை வந்தது. கொடுத்த வாக்கு தடுத்தது.

சனிக்கிழமை காலை வானம் கழுவிவிட்டாற்போல் வெளுத்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. மேட்டில் எல்லோரும் படுக்கைகளைக் காயவைத்தார்கள். டெல்மர் உதட்டைப் பிதுக்கி, "எங்க உங்க வெள்ளம்?" என்றார். ராஸ்கோ கேஸ் சிலிண்டர் நிரப்ப ஜீப்பில் டவுனுக்குப் போயிருந்தார். திரும்பும் வழியில் அவர் குரல் வண்டிக்கு வண்டி பேசும் ரேடியோவில் கரகரத்தது.

"ஆர்லிஸம்மா! ஆர்லிஸம்மா! கேக்குதா? மேல ரோட்டைத் தாண்டி ஓடை போகுதுல்ல, அங்க தண்ணி வந்துடுச்சு. என்னால தாண்ட முடியல. அது உங்ககிட்ட வந்துக்கிட்டு இருக்கு. வண்டி கெடக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் மேட்டுக்கு ஏறுங்க!"

"எவ்வளவு நேரத்துல வரும்?" என்று கேட்டாள் ஆர்லிஸ்.

"அரை மணி நேரம். கம்மியாவும் இருக்கலாம். ஏறுங்கம்மா!"

டெல்மர் ஏற்கெனவே மேல்சட்டையை எடுத்துக்கொண்டிருந்தார். "வா, போலாம்," என்றார். குரல் ரொம்பச் சாதாரணமாக இருந்தது. "போகட்டும் விடு. இரும்புக்கடைக்காரனுக்கு வேலை மிச்சம்."

அந்தச் சாதாரணம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைப் புயலில் லாரி ஓட்டிய மனுஷன் தன் வீட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டு, வேலை மிச்சம் என்கிறான். அவள் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்துவிட்டோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

"ஸ்டார்ட் பண்ணிக் குடு," என்றாள்.

"ஆர்லிஸ்…"

"அப்புறம் அதிசயப்படு. இப்ப ஸ்டார்ட் பண்ணிக் குடு, கிழவா."

டெல்மர் மண்டிபோட்டு எஞ்சின் மேட்டின் மூடியைத் தூக்கினார். நவம்பரிலிருந்து அசையாத எஞ்சின். விரலாலேயே தேடி, கார்புரேட்டரின் வாயில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றினார். "இப்ப," என்றார். அவள் சாவியைத் திருகினாள். இருமியது. மறுபடி திருகினாள். இருமி, தும்மி, வீடு முழுக்கப் புகையைக் கக்கி, அலமாரியில் இருந்த தட்டுகள் கடகடவென்று ஆட, அந்த எஞ்சின் உயிர் பிடித்தது. முப்பது வருஷத்துக் கிழட்டு இரும்பு, ஈரத்தில் ஊறிக்கிடந்தது, கூப்பிட்டதும் எழுந்துவிட்டதே என்று ஆர்லிஸுக்குச் சிலிர்த்தது. உன்னை எத்தனை திட்டு திட்டினேன் என்று மனசுக்குள் அதனிடம் சொன்னாள்.

வண்டி மலையைப் பார்த்து நின்றது. திருப்ப வழியில்லை, ஈர மணலில் திருப்பினால் புதைந்துவிடும். மேட்டுக்கு ஏறும் ஒரே சரிவு பின்னால் இருந்தது. மழை அதன் ஒரு ஓரத்தை அரித்து ஆளுயரப் பள்ளமாக வெட்டியிருந்தது. மறு ஓரத்தில் பாறை. நடுவில் வண்டி அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தடம்.

"நான் பின்னால நிக்கிறேன்," என்றார் டெல்மர்.

"உனக்குத் தெரியாதே?"

"நேரா பாத்தாத்தான் தெரியாது," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவள் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் டெல்மர் சரிவின் நடுவில் போய் நின்றார். தரையைக் காலால் துழாவினார், ஓரம்வரை போய் வந்தார். பிறகு அவளுக்கும் பள்ளத்துக்கும் முகத்தைக் காட்டாமல், எங்கோ தூரத்து மலையை ரசிப்பவரைப் போலத் தலையைத் திருப்பிக்கொண்டு, தொடையைத் தட்டினார்.

ஆர்லிஸுக்குச் சிரிப்பு வந்தது.  அவளுடைய சைகை. பன்னிரண்டு வருஷமாக அவள் தட்டிய தட்டு, அவள் கை வளையும் அதே வளைவு. கண்ணாடியில் தன்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. இவ்வளவு கவனமாகத் தன்னைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதர் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாரா என்று நினைத்தபோது அவளுக்கு மெய்யாகவே பிரமிப்பாக இருந்தது. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தாள். வீடு பின்னால் நகர்ந்தது.

கோழி இறக்கை, இடது பக்கம். ஸ்டீயரிங்கைத் திருப்பினாள். பின்பக்கம் கனமாக, மெதுவாக, சொன்ன பேச்சுக் கேட்டு இடது பக்கம் போனது. தொடையில் தட்டு. பின்சக்கரம் சரிவில் ஏறியது. பானைகள் உருண்டன, பிடித்துவைத்த மழைநீர் கம்பளத்தில் கொட்டியது. சக்கரம் ஒருமுறை வழுக்கிச் சுழன்றது.  மறுபடி பிடித்தது.

அப்போதுதான் முன்கண்ணாடியில் அது தெரிந்தது. முதலில் தண்ணீர் என்றே தோன்றவில்லை. ஓடையின் வளைவில் ஒரு பழுப்பு நாக்கு, குச்சியும் சருகும் நுரையும் சுமந்துகொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில், அவசரமில்லாமல் வந்தது. காய்ந்த மணலை முகர்ந்து பார்த்துப் பார்த்து வந்தது. அதற்குப் பின்னால்தான் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்துக்குப் பின்னால் மிச்சம் முழுவதும் வந்தது. மேலே பளிச்சென்ற நீல வானம், ஒரு மேகமில்லை. அதற்குக் கீழே, முழு மரம் ஒன்றைக் கிளையும் வேருமாகப் புரட்டிக்கொண்டு, கரைக்குக் கரை ஆறு வந்துகொண்டிருந்தது. நேற்றுவரை பல்லி ஓடிய இடத்தில் ஆறு. பயப்பட வேண்டும் என்பதே அவளுக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று. கோயிலில் எல்லோரும் எழுந்து நிற்கும்போது எழுந்து நிற்பது போல உள்ளே ஏதோ எழுந்து நின்றது.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். டெல்மர் இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தார்.

முன்னால் ஆறு வருகிறது. பின்னால், கண் போன மனிதர், மலையைப் பார்த்துக்கொண்டு, நில் என்கிறார். அவள் காலுக்கு அழுத்து, போ, போ என்றுதான் இருந்தது. உடம்பு முழுக்க அதைத்தான் சொன்னது. ஆர்லிஸ் பிரேக்கை மிதித்தாள்.

வீடு குலுங்கி நின்றது. டெல்மர் மெல்லப் பின்சக்கரத்துக்குப் பக்கம் நடந்து, குனிந்து, கையால் தரையைத் தடவினார். நிமிர்ந்தார். வலது முழங்கையை அடித்தார், படபடவென்று, சேவல் மாதிரி. அவள் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினாள். மண் பெயர்ந்து பள்ளத்தில் சரசரவென்று விழும் சத்தம் கேட்டது. வண்டி மட்டும் விழவில்லை. தொடையில் தட்டு, இன்னொரு தட்டு, இன்னொன்று. முன்சக்கரங்களை நுரை தொட்டது. பிறகு ஏணி நசுங்கிய பின்பக்கம் மேலே ஏறியது, நடு உடம்பு ஏறியது, கடைசியாக அவளும் அவள் முன்னால் இருந்த கண்ணாடியும் ஆற்றைப் பார்த்தபடி மேட்டுக்கு ஏறிச் சமதரையில் நின்றார்கள்.

மேட்டில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.  கீழே அவர்கள் நவம்பரிலிருந்து காபி குடித்த இடத்தில் ஒரு வீட்டின் உயரத்துக்குத் தண்ணீர் உருண்டு போனது. சரிவே இல்லை, ஆறு கரைத்துக் குடித்துவிட்டது. டெல்மரும் வந்து ஓரத்தில் நின்று, தலையைச் சாய்த்து, காதாலும் கடைக்கண்ணாலும் அதைப் பார்த்தார்.

"எம்மாடி," என்றார். 

ரேடியோவில் ராஸ்கோ கத்திக்கொண்டே இருந்தார். ஆர்லிஸ் எடுத்து, "ஏறிட்டோம்," என்றாள்.

"டெல்மரு ஓட்டினானா?"

"நான் ஓட்டினேன். அவருக்குக் கண் போயிடுச்சு, ராஸ்கோ. யார்கிட்டயும் சொல்ல வேணாம்னார். இப்ப சொல்லிட்டேன்."

 "கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றார் ராஸ்கோ, குரல் உடைந்துபோய்.

"கண்ணாடி நல்லா இருக்கு. உனக்குக் கிடையாது," என்றாள் ஆர்லிஸ்.

கரை இன்னும் பெயர்ந்துகொண்டிருந்ததால் வண்டியை மேட்டின் உள்பக்கம் கொண்டுபோக வேண்டியிருந்தது. டெல்மர் பக்கக் கதவு வழியாக ஏறி, பழக்கதோஷத்தில் நேராக ஓட்டுநர் இருக்கையிடம் வந்து நின்றார். ஆர்லிஸ் எழுந்திருக்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு எஞ்சின் மேட்டைச் சுற்றிக்கொண்டு போய், பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட உட்காராத அந்தப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பெல்ட் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் துழாவினார். ஆர்லிஸ் எட்டி மாட்டிவிட்டாள்.

"இந்தப் பக்கம் இவ்வளவு சத்தமா!" என்றார் டெல்மர். "கால் வேற வேகுது. இதுல நீ எப்படி வழி முழுக்கத் தூங்கிக்கிட்டே வந்த?"

"யாரு தூங்கினா?"

"திரும்பிப் பாத்தப்பெல்லாம் கண்ண மூடிக்கிட்டுதானே இருந்த?"

"நீ திரும்பிப் பாத்தப்ப மட்டும்தான். ரோட்டை விட்டுட்டு இந்த மனுசன் என் மூஞ்சியப் பாக்குறானேன்னு பயந்து மூடிப்பேன். மத்த நேரமெல்லாம் நானும் ஓட்டிக்கிட்டுதான் இருந்தேன். நீ போட்ட ஒவ்வொரு பிரேக்கையும் நானும் சேந்து மிதிச்சேன். காலுக்குக் கீழ தடவிப் பாரு."

டெல்மர் ஷூவைக் கழற்றினார். காலுறையோடு கம்பளத்தைத் தடவினார். மெத்தென்ற ரோமத்துக்கு நடுவில், வலதுகால் வரும் இடத்தில், உள்ளங்கையளவுக்கு வழுக்கை விழுந்து மரப்பலகை வழவழவென்று தட்டுப்பட்டது.  ஆர்லிஸ் கியரைப் போட்டாள். டெல்மர் தன் வலது பாதத்தை அந்த வழுக்கையின்மேல் வைத்து, அழுத்தி, அப்படியே வைத்துக்கொண்டார்.